வகுப்பறையிலிருந்து தலைமையாசிரியர் அறைக்கு: அரசுப் பள்ளி ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்து, பின்னர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். முன்னுரிமைப் பட்டியலில் (பணிமூப்பு வரிசையில்) பெயர் வந்தவுடன் பழைய சக ஆசிரியர்கள் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றையும் நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். விதிகள் அரசாணைக்கு அரசாணை மாறுபவை. விண்ணப்பம் எழுதுமுன் நடப்பு ஆண்டின் செயல்முறைகளை (துறை அனுப்பும் ஆணைகளை) ஒருமுறை படித்துவிடுங்கள்.

தலைமையாசிரியர் பணிக்கு நேரடித் தேர்வு உண்டா?

அரசுப் பள்ளிகளில் இல்லை. தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலைப் பள்ளி வரை தலைமையாசிரியர் பணியிடங்கள் பதவி உயர்வின் மூலமே நிரப்பப்படுகின்றன. சனவரி 1ஆம் நாள் நிலவரப்படி முன்னுரிமைப் பட்டியல் தயாராகும். தகுதியுள்ளோர் பெயர்கள் தேர்ந்தோர் பட்டியலில் ஏறும். காலியிடங்களுக்குக் கலந்தாய்வு நடக்கும். நேரடி நியமனம் இருப்பது அதற்கு மேல்படியில்தான். வட்டாரக் கல்வி அலுவலர் பணியிடங்களில் ஒரு பகுதியை ஆசிரியர் தேர்வு வாரியமும், மாவட்டக் கல்வி அலுவலர் பணியிடங்களில் ஒரு பகுதியை அரசுப் பணியாளர் தேர்வாணையமும் தேர்வு நடத்தி நிரப்புகின்றன. முப்பது வயது அலுவலர் ஒருவர் வந்து ஐம்பத்தேழு வயதுத் தலைமையாசிரியரின் பதிவேடுகளைப் பார்வையிடும் காட்சி இதனால்தான் நேர்கிறது. அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கு வந்த இளம் அலுவலர்கள் பெரும்பாலும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குணமுடையவர்களாகவே இருந்தார்கள்.

அரசு உதவி பெறும் பள்ளிகளில் பள்ளி நிர்வாகமே துறையின் ஒப்புதலுடன் நியமிக்கிறது. மாநகராட்சிப் பள்ளிகள், ஆதி திராவிடர் நலப் பள்ளிகள், மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் உள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஆகியவை தனித்தனி அலகுகள். இங்கே நான் சொல்வது பள்ளிக் கல்வித் துறையின் கீழ் உள்ள பள்ளிகளைப் பற்றியது.

எந்தப் பணியிலிருந்து எந்தப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகலாம்?

இரண்டு தண்டவாளங்கள் உள்ளன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தொடக்கக் கல்வி. அதில் இடைநிலை ஆசிரியர் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராகலாம். பட்டமும் கல்வியியல் பட்டமும் இருந்தால் பட்டதாரி ஆசிரியராகி, அங்கிருந்து நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியராகி, பிறகு வட்டாரக் கல்வி அலுவலராகலாம். மற்றது பள்ளிக் கல்வி. அதில் பட்டதாரி ஆசிரியர் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகலாம், அல்லது பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு நடத்தும் முதுகலை ஆசிரியராகலாம். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பணிக்கு முதுகலை ஆசிரியர்களும் உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களும் வருகிறார்கள். அங்கிருந்து மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று படிகள் மேலே போகின்றன.

தொடக்கக் கல்வியில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243. அதுவரை ஊராட்சி ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமையை அது மாநில அளவிலானதாக மாற்றியது. சொந்த ஒன்றியத்திலேயே ஆசிரியராகச் சேர்ந்து, அங்கேயே தலைமையாசிரியராகி ஓய்வு பெறலாம் என்ற பழைய கணக்கை அது குலைத்தது. ஆசிரியர் இயக்கங்கள் அதை எதிர்த்துத் தொடர்ந்து போராடியதன் காரணம் அதுவே. தமக்கு முன்னே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை ஒன்றியத்துப் பட்டியலைப் பார்த்து ஊகித்தவர்கள் தங்கள் கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

முதுகலை ஆசிரியர் பதவி உயர்வு முதலில் வருகிறது. ஏற்பதா, உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் வாய்ப்புக்குக் காத்திருப்பதா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இரண்டு பட்டியல்களும் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். முதுகலைப் பட்டியல் பாடவாரியானது. வேதியியலில் பத்து இடம் காலியானால் வேதியியல்காரர்களுக்கு மட்டுமே நகரும். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பட்டியலில் எல்லாப் பாடத்துப் பட்டதாரி ஆசிரியர்களும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆகவே ஒரே நாளில் பணியில் சேர்ந்த தமிழாசிரியருக்கும் இயற்பியல் ஆசிரியருக்கும் முதுகலை வாய்ப்பு வரும் ஆண்டு வேறுபடும்.

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். பதினொன்றாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தம் பாடத்தை ஆழமாக நடத்துவதில்தான் தமக்கு நிறைவு என்று ஒருவருக்குத் தோன்றினால், அவர் முதுகலைக்குப் போவதே சரி. மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவி பின்னால் வந்தால் வரட்டும். பள்ளி முழுவதையும் கையில் எடுத்து ஏதேனும் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை இருப்பவருக்கு உயர்நிலைப் பள்ளி நல்ல அளவு. ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள், பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள், ஒவ்வொரு குழந்தையின் பெயரும் ஓராண்டில் மனத்தில் நிற்கும் எண்ணிக்கை. நான் முதுகலையை விட்டுக்கொடுத்துக் காத்திருந்தேன். நான்கு ஆண்டுகள் கூடுதலாக ஆயிற்று, வருந்தவில்லை. ஆனால் என்னைப் போலவே காத்திருந்த தோழி ஒருவர் பட்டியலில் மூன்று பேருக்குப் பின்னால் இருக்கும்போதே ஓய்வு பெற்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

துறைத் தேர்வுகளை எப்போது எழுத வேண்டும்?

தகுதிகாண் பருவம் முடிந்த உடனேயே. அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் டிசம்பர் மாதத்திலும், இத்தேர்வுகளை நடத்துகிறது. உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆவதற்குப் பள்ளிக் கல்வித் துறை நிர்வாகத் தேர்வின் தாள்களும் கணக்குத் தேர்வும் மாவட்ட அலுவலக நடைமுறை நூல் தேர்வும் முக்கியமானவை. சில தாள்களில் நூலைப் பார்த்தே எழுத அனுமதி உண்டு; அதனால் எளிது என்று நினைத்துப் போனவர்கள் எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவதிலேயே மூன்று மணி நேரத்தையும் கழித்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

முன்னுரிமையில் மேலே இருந்தும், ஒரு தாள் தேறாததால் பட்டியலில் இடம் பெறாமல் போவது இத்துறையில் அரிதான செய்தி அல்ல. தேறியவுடன் அதைப் பணிப்பதிவேட்டில் பதியச் செய்யுங்கள். தேறிய சான்று வீட்டுப் பீரோவில் இருக்க, பதிவேட்டில் அந்தப் பக்கம் வெறுமையாக இருந்தால், தேறியும் தேறாதவர் கணக்குத்தான்.

ஆசிரியர் தகுதித் தேர்வு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பதவி உயர்வைப் பாதிக்குமா?

பாதிக்கும். 2010 ஆகஸ்டு 23 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வெளியிட்ட அறிவிக்கையே, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராக இத்தகுதித் தேர்வை வேண்டிய தகுதியாக்கியது. அதற்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்கும் அது பொருந்துமா என்ற வழக்கு தமிழ்நாட்டிலிருந்தும் மகாராட்டிரத்திலிருந்தும் உச்ச நீதிமன்றம் சென்றது. 2025 செப்டம்பர் 1 அன்று வந்த தீர்ப்பின்படி, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டாண்டுக்குள் தேற வேண்டும். ஐந்தாண்டுக்கும் குறைவாக இருப்பவர்கள் தேறாமலே பணியில் தொடரலாம். ஆனால் அவர்களுக்கும் பதவி உயர்வு வேண்டுமானால் தேர்ச்சி தேவை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வு முடிவு செய்ய வேண்டும் என்று விடப்பட்டது.

இருபத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்திய ஒருவரை, தம் பழைய மாணவியே பக்கத்து மேசையில் அமர்ந்திருக்கும் தேர்வறையில் உட்கார வைப்பதில் ஒரு சங்கடம் இருக்கத்தான் செய்கிறது. அந்தச் சங்கடத்தைப் பொருட்படுத்தாமல் எழுதிவிடுவதே உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை. 150 மதிப்பெண்ணுக்கான தாள். குழந்தை வளர்ச்சி உளவியல் பகுதியை மட்டும் புதிதாகப் படித்தால் போதும், மற்றது நாள்தோறும் நடத்துவதுதான்.

எத்தனை ஆண்டுப் பணியில் தலைமையாசிரியராகலாம்?

இத்தனை ஆண்டு என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உங்களுக்கு முன்னால் நியமனம் பெற்றவர்களின் எண்ணிக்கை, அவர்கள் ஓய்வு பெறும் வேகம், தரம் உயர்த்தப்படும் பள்ளிகள், வழக்குகள் ஆகிய நான்கும் சேர்ந்துதான் அதை முடிவு செய்கின்றன. அரசு ஊழியர் ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59ஆகவும் 2021இல் 60ஆகவும் உயர்ந்தபோது, பட்டியல் நகர்வது அந்த அளவுக்குத் தள்ளிப்போனது. பெரும்பாலானவர்கள் ஐம்பதைத் தாண்டித்தான் அந்த நாற்காலிக்கு வருகிறார்கள்.

சம்பளம் கணிசமாக உயருமா?

உயராது. ஒரே பணியில் பத்தாண்டு முடித்தால் தேர்வு நிலையும் இருபதாண்டு முடித்தால் சிறப்பு நிலையும் ஆகிய ஊதிய உயர்வுகள் கிடைத்துவிடுவதால், மூத்த பட்டதாரி ஆசிரியருக்கும் புதிய தலைமையாசிரியருக்கும் கையில் வரும் தொகையில் பெரிய வேறுபாடு இருக்காது. பணத்துக்காக மட்டும் இதை ஏற்பவர் முதல் மாதச் சம்பளப் பட்டியலிலேயே ஏமாற்றம் அடைவார்.

எங்கள் பள்ளியில் தலைமையாசிரியர் இடம் காலி. என்னைப் பொறுப்பேற்கச் சொல்கிறார்கள். ஏற்கலாமா?

ஏற்கலாம், இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. ஆனால் "பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற வாய்மொழியை மட்டும் நம்பி ஏற்காதீர்கள். பொறுப்புத் தலைமையாசிரியராக உங்களை அமர்த்தும் ஆணையும், சம்பளப் பட்டியலில் கையெழுத்திட நிதி அதிகாரம் வழங்கும் ஆணையும் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது ஆணை வரத் தாமதமானால் பள்ளி முழுவதற்கும் சம்பளம் தாமதமாகும். அந்த வாரத்தில் பணியாளர் அறையில் உங்களை யாரும் அன்போடு பார்க்க மாட்டார்கள்.

இங்கே ஒரு வேறுபாடு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் தலைமையாசிரியரே பணம் பெற்று வழங்கும் அலுவலர். அரசின் களஞ்சியம் மென்பொருளில் சம்பளப் பட்டியல் தயாராகிக் கருவூலத்துக்குப் போவது அவர் ஒப்புதலோடுதான். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு அந்த வேலையை வட்டாரக் கல்வி அலுவலர் பார்க்கிறார். ஆகவே நடுநிலைப் பள்ளியை நன்றாக நடத்திய ஒருவருக்கும் உயர்நிலைப் பள்ளியின் கணக்கு வேலை முற்றிலும் புதிதாகவே இருக்கும்.

பொறுப்பேற்கும் நாளில் எதைக் கவனிக்க வேண்டும்?

எண்ணுங்கள். நான் எண்ணாமல் கெட்டவள் என்பதால் இதற்குச் சற்று நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நான் முதன்முதலில் தலைமையாசிரியராகப் போன நாளில் பள்ளியில் மாலை போட்டார்கள், கேசரி கொடுத்தார்கள். இடமாறுதலில் செல்லவிருந்த முன்னவர் மேசை மீது பதினெட்டுப் பதிவேடுகளை அடுக்கி வைத்து, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது டீச்சர், மூன்று மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்" என்றார். நான் பொறுப்புப் பட்டியலில் கையெழுத்திட்டேன். இருப்புப் பதிவேட்டில் இரட்டை இருக்கை மேசைகள் 64 என்று இருந்தது. ஒரு மாதம் கழித்து ஆறாம் வகுப்புக்கு மேசை போதவில்லை என்று எண்ணிப் பார்த்தபோது வகுப்பறைகளில் 51தான் இருந்தன. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறம் பலகை உளுத்து இரும்புச் சட்டம் மட்டும் துருவேறிக் கிடந்தவை ஒன்பது. மீதி நான்கு என்ன ஆயின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவற்றோடு மின்கலப் பெட்டி ஒன்றும் காணவில்லை. மூன்றாண்டுக்குப் பின் தணிக்கையில் இந்தக் குறைவு தடையாக (ஆட்சேபணையாக) எழுதப்பட்டது. முன்னவர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார், கையெழுத்து என்னுடையது. விளக்கக் கடிதம், பழைய பற்றுச்சீட்டு, கழிவு செய்வதற்கான முன்மொழிவு என்று அந்தத் தடையை நீக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

ஆகவே பேருந்து போனால் போகட்டும். இருப்புப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, உதவியாளர் ஒருவரையும் மூத்த ஆசிரியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அறை அறையாகச் செல்லுங்கள். பணப் பதிவேட்டின் இருப்பும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் இருப்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கும் தனித்தனிக் கணக்குகள் இருக்கும். எழுதப்படாத மாற்றுச் சான்றிதழ்த் தாள்கள் வரிசை எண் விடுபடாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு தாள் குறைந்தாலும் அது மேசையைவிடப் பெரிய சிக்கல். ஆய்வகத்து அமிலக் குப்பிகள், கணினிகள், விலையில்லா மிதிவண்டிகளில் வழங்கப்படாமல் நிற்பவை ஆகியவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். குறைவு இருந்தால், "நீங்கலாக" என்று எழுதி அதன் கீழ் கையெழுத்திடுங்கள். முன்னவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

சேர்க்கைப் பதிவேட்டைப் பற்றி ஏன் எல்லோரும் அவ்வளவு பேசுகிறார்கள்?

அதில் விழும் ஒரு பிழை அந்தக் குழந்தையின் வாழ்நாள் முழுவதும் கூட வருகிறது. பிறந்த தேதியில் ஒரு எண் மாறினால், அதே எண் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழிலும், பிறகு கடவுச்சீட்டிலும் வேலை விண்ணப்பத்திலும் ஏறும். பொதுத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன் ஒவ்வொரு மாணவரின் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி ஆகியவற்றைப் பிறப்புச் சான்றோடு ஒப்பிட்டு, பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதை நான் ஒருபோதும் வகுப்பாசிரியரிடம் மட்டும் விட்டதில்லை. ஒருமுறை "தமிழ்ச்செல்வி", "தமிழ்செல்வி" என்று ஒரே பெண்ணுக்கு இரண்டு பதிவேடுகளில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒற்றெழுத்துத்தானே என்று விட்டிருந்தால், அவள் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனை முறை நடந்திருப்பாளோ.

மாற்றுச் சான்றிதழையும் தாமதிக்காதீர்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அதைத் தாமதப்படுத்தும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கைக்கு இடம் தருகிறது. சான்றிதழ் வரவில்லை என்பதற்காக வேறு பள்ளியிலிருந்து வரும் குழந்தையைச் சேர்க்க மறுக்கவும் கூடாது.

தலைமையாசிரியரான பிறகும் பாடம் நடத்த முடியுமா?

முடியும், நடத்தவும் வேண்டும். தொடக்கப் பள்ளியில் அது விருப்பத்தைப் பொறுத்ததே அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப் பள்ளியில் 150 குழந்தைகளுக்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களுக்கு அப்பால் தனியே ஒரு தலைமையாசிரியர். ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியர் என்பவர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒன்றாக வைத்துக்கொண்டு நடத்திக்கொண்டே, காலைச் சிற்றுண்டி வந்ததா என்று பார்த்து, துறையின் தகவல் செயலியான எமிஸில் வருகையைப் பதிந்து, அலுவலகத்திலிருந்து வரும் புள்ளிவிவரக் கேள்விக்கும் பதில் அனுப்புபவர். நிர்வாகத் திறமை என்று பெரிய பள்ளிகளில் பேசப்படுவதை அவர்கள் பெயரின்றிச் செய்கிறார்கள்.

உயர்நிலைப் பள்ளியில் வேலை உங்களை அறைக்குள் இழுக்கும். நான் ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தைக் காலை முதல் பாடவேளையில் வைத்துக்கொண்டேன். முதல் பாடவேளைக்குள் அலுவலகத் தொலைபேசி அவ்வளவாக ஒலிப்பதில்லை. நடத்துவதில் இன்னொரு பயனும் இருந்தது. வகுப்பில் சுண்ணக்கட்டி இல்லை, மின்விசிறி ஓடவில்லை என்று யாரும் வந்து சொல்லத் தேவையில்லை, நானே பார்த்துவிடுவேன்.

ஆனால் ஆசிரியராக இருந்தபோது கண்ணில் படாத ஒன்று இந்த நாற்காலியில் தெரியும். ஆசிரியர் தம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை மேலிருந்து கீழாகப் படிக்கிறார். தலைமையாசிரியர் எல்லா வகுப்புகளின் பதிவேடுகளையும் குறுக்காகப் படிக்க வேண்டியவர். ஓராண்டு, வியாழக்கிழமைகளில் ஆறாம் வகுப்பில் இருவர், ஏழில் மூவர், எட்டில் இருவர் என்று வராமல் இருந்தார்கள். ஒவ்வொரு வகுப்பாசிரியரும் அதைத் தனித்தனி விடுப்பாகவே பார்த்தார். ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஏழு பேரும் ஒரே குக்கிராமத்தைச் சேர்ந்தவர்கள் என்பது தெரிந்தது. வியாழன் அன்று வாரச்சந்தை. காலைப் பேருந்து அன்று மட்டும் சந்தைக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு அந்த நிறுத்தத்தில் நிற்காமல் போய்விடுகிறது. ஊராட்சித் தலைவரின் கையெழுத்தோடு பணிமனைக்கு ஒரு கடிதம், நேரில் ஒரு நடை, அவ்வளவுதான். இரண்டு வாரத்தில் பேருந்து நின்றது. அந்த ஏழு பேரில் ஒருத்தி, "நாங்க மட்டம் அடிச்சோம்னுதான டீச்சர் அடி வாங்கினோம்" என்றாள். அடித்தது யார் என்று நான் அன்று கேட்டது தனிக்கதை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்கிறது என்பதை மறுநாள் காலைக் கூட்டத்திலேயே படித்துக் காட்டினேன்.

நேற்று வரை தோளில் கைபோட்டுப் பேசியவர்களிடம் இன்று எப்படி வேலை வாங்குவது?

பதவி உயர்வில் பள்ளி மாறிப் போவது இதற்குப் பாதி மருந்து. அதே பள்ளியில் பொறுப்பேற்க நேர்ந்தால், முதல் வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். பாடவேளை அட்டவணையை மட்டும் எல்லோர் முன்னிலையிலும் போடுங்கள். கடைசிப் பாடவேளை யாருக்கு, பத்தாம் வகுப்பு யாருக்கு என்பதில்தான் பணியாளர் அறையின் பாதிச் சண்டை இருக்கிறது.

நான் ஒரு தவறு செய்தேன். தாமதமாக வந்த ஒருவரை, அவர் எனக்கு மூத்தவர், பணியாளர் அறையில் அனைவர் முன்பும் நேரம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கையெழுத்திட்டுவிட்டு வகுப்புக்குப் போனார். அதன்பின் ஓராண்டு அவர் என்னைத் "தலைமையாசிரியர் அவர்களே" என்றுதான் அழைத்தார். அதற்கு முன் "வாம்மா, போம்மா" என்றிருந்தவர். கண்டிப்பதை அறைக்குள்ளும் பாராட்டுவதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்திலும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கற்றது அவரிடம்தான். எழுத்தில் விளக்கம் கேட்கும் குறிப்பாணை கடைசி ஆயுதம். அதை மாதம் ஒன்று கொடுப்பவரின் தாளை யாரும் மடித்துக்கூடப் பார்ப்பதில்லை.

பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஊராரிடம் கேட்கலாமா?

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. சமக்ர சிக்சா என்னும் ஒன்றிய அரசின் கல்வித் திட்ட விதிப்படி 100க்கு மேல் 250 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். 1,000 வரை 75,000. அதற்கு மேல் 1,00,000. அதில் குறைந்தது பத்து விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். கழிப்பறைத் தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் சுண்ணக்கட்டியும் வாங்குவதற்குள் பணம் தீர்ந்துவிடும். அதுவும் கல்வியாண்டின் தொடக்கத்தில் வரும் என்று சொல்வதற்கில்லை.

எனவே ஊரிடம் போகத்தான் வேண்டும். இது புதிதும் அல்ல. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, பொதுக் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு 1950களின் பிற்பகுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தி, ஊர் மக்களே பள்ளிக்குக் கட்டடமும் மணியும் நாற்காலியும் கொடுக்கும் வழக்கத்தை மாநிலம் முழுதும் பரப்பினார். பல ஊர்ப் பள்ளிகளின் சுவரில் "உபயம்" என்று பொறித்த கல்லை இன்றும் பார்க்கலாம். இப்போது 2022இல் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டத்தின் வழியே முன்னாள் மாணவர்கள் நேரடியாகப் பங்களிக்க முடிகிறது. ரொக்கமாகக் கையில் வாங்காதீர்கள். பொருளாக வாங்கினால் அன்றே இருப்பில் ஏற்றுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவைச் சிலர் சடங்காக நடத்துகிறார்கள். சட்டப்படி அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மார்களைப் பிற்பகல் மூன்று மணிக்கு வரச் சொல்லிவிட்டு, "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று அறிக்கை எழுதுவது நியாயமாகாது. நாங்கள் கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு மாற்றினோம். கழிப்பறைக்குக் கதவு வேண்டும் என்று நான் மூன்று முறை எழுதியும் நடக்காதது, பத்துத் தாய்மார்கள் கையெழுத்திட்ட தீர்மானம் போன பிறகு நடந்தது.

மாணவர் பாதுகாப்புப் புகார் வந்தால் தலைமையாசிரியர் என்ன செய்ய வேண்டும்?

பாலியல் குற்றம் பற்றிய புகார் என்றால், விசாரித்து உறுதி செய்துகொண்டு பிறகு சொல்லலாம் என்று காத்திருக்க உங்களுக்கு உரிமை இல்லை. 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்ததாக அறிந்தவுடன் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவித்தாக வேண்டும். நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் தம் கீழ்ப் பணியாற்றுபவரின் குற்றத்தை மறைத்தால், 21ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை. "பள்ளிப் பெயர் கெடும்", "அந்தக் குடும்பமே வேண்டாம் என்கிறது", "சாருக்கு இன்னும் ஆறு மாதம்தான்" என்று மூன்று பக்கமும் பேசுவார்கள். அந்தப் பேச்சு நடக்கும்போதே எழுத்தில் புகாரை அனுப்பிவிட வேண்டும். குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். 1098, 14417 ஆகிய உதவி எண்களை வகுப்பறைச் சுவரில், குழந்தையின் கண் உயரத்தில் எழுதி வையுங்கள். நான் பார்த்த பல பள்ளிகளில் அவை தலைமையாசிரியர் அறைக் கதவுக்கு மேலே எழுதப்பட்டிருந்தன.

இதற்கெல்லாம் பயிற்சி தருகிறார்களா?

தருகிறார்கள், பெரும்பாலும் பொறுப்பேற்ற பிறகு. கருவூலப் பட்டியலையும் பணிப்பதிவேட்டையும் எனக்குக் கற்றுத்தந்தவர் எங்கள் பள்ளியின் இளநிலை உதவியாளர். ஆசிரியராக இருக்கும்போதே தேர்வுப் பணி, நாட்டு நலப்பணித் திட்டம், நூலகப் பொறுப்பு, உதவித்தொகை விண்ணப்பங்கள் ஆகியவற்றில் எதையேனும் கேட்டு வாங்கிச் செய்தவர்கள் பின்னால் திணறியதில்லை.

பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். உரிமை விடல் கடிதம் கொடுத்தால் குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் பெயர் பரிசீலனைக்கு வராது. கலந்தாய்வில் வெகு தொலைவிலுள்ள பள்ளிதான் மிஞ்சுகிறது என்பதால் பெண் ஆசிரியர்களே இக்கடிதத்தை அதிகம் எழுதுவதாக எனக்குத் தோன்றுகிறது. பிள்ளையின் பன்னிரண்டாம் வகுப்பு, மாமியாரின் உடல்நிலை என்று காரணங்கள் உண்மையானவையே. ஆனால் கடிதம் கொடுக்குமுன், காலியிடப் பட்டியலைக் கலந்தாய்வின் காலை வரை பாருங்கள். முன்னால் இருப்பவர்கள் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் விட்டுவரும் இடங்களும் சில நேரம் திறக்கும்.

ஓய்வுக்கு இரண்டு ஆண்டே இருக்கிறது. இப்போது ஏற்று என்ன செய்ய முடியும்?

ஒரு பத்தாம் வகுப்பை ஒன்பதிலிருந்து கைபிடித்துக் கரையேற்றுவதற்கு இரண்டாண்டு போதும். கட்டடம் கட்டக் கனவு காணாதீர்கள். மதிப்பீடு தயாராகி வருவதற்குள் நீங்கள் போய்விடுவீர்கள். கழிப்பறை, குடிநீர், மெல்லக் கற்போருக்கு மாலை நேர வகுப்பு, பதிவேடுகள் ஆகிய நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஓய்வூதியக் கருத்துருவுக்காகப் பணிப்பதிவேட்டை முதல் ஆண்டிலேயே சரிபார்த்துவிடுங்கள். மற்றவர் பதிவேடுகளை ஒழுங்கு செய்துவிட்டுத் தம்முடையதில் ஒரு விடுப்புக் காலம் பதியப்படாமல் தவித்த தலைமையாசிரியர்கள் உண்டு.

எனக்குப் பின் வந்தவர் முப்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்தார். மாலைக்கும் கேசரிக்கும் முன்னால் இருப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கினோம். எண்ணி முடிக்க மாலை ஐந்தரை ஆயிற்று. ஒரு மேசை அதிகமாக இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று இருவருக்கும் விளங்கவில்லை. "அதிகம் ஒன்று" என்றே எழுதிக் கையெழுத்திட்டோம்.